எட்டுப் பேருக்கு ஒரே நம்பர்

திங்கட்கிழமை வந்து கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்ததும் முதல் வேலையாக, கொழும்புத் தலைமையகம் உங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கும் பாடக்குறிப்பில் நாலாம் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். 'உலகத்தில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதற்கே உரிய தனி நம்பர் உண்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும் பக்கம். சிங்களத்தில் எழுதியது அவர்கள். தமிழில் மொழிபெயர்த்தவன் நான். பிழை, மாற்றுங்கள் என்று மூன்று தடவை மெயில் போட்டேன். ஒரு தடவைகூடப் பதில் இல்லை. ஊருக்கெல்லாம் இன்டர்நெட் பாடம் நடத்துகிற நிறுவனம், ஒரு மெயிலைத் திறந்து பார்க்க அவ்வளவு சோம்பல்.

நான் போகிறேன். ஐந்து வருடம் இந்த எட்டு மெஷினோடு மல்லுக்கட்டியது போதும். ரிட்டயர் ஆகிறவர்கள்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வார்கள். எனக்கு இருபத்தேழு வயதுதான், ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். மெஷின் இறுகிப்போனால் என்ன செய்வது, பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எந்தப் பக்கம் இழுப்பது, இதையெல்லாம் நீங்களே ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது அந்த நாலாம் பக்கத்தை வைத்து ஒரு பெண்ணை மூன்று நாள் பொலிஸில் உட்கார வைத்த கதை. உட்கார வைத்தது பொலிஸ் மட்டும் இல்லை. நானும்தான்.

நான் பஸார் பையன். எங்கள் அப்பாவுக்கு டவுனில் பலசரக்குக் கடை. கொழும்பில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்துவிட்டு ஊருக்கு வந்தபோது, இந்த டவுனிலேயே பெரிய மண்டை என்னுடையதுதான் என்று நினைப்பு. வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். தேயிலை, றப்பர் இரண்டும். அவர்களுக்கு முன்னால் நிற்கும்போது என் நினைப்பு இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும்.

முதல் வகுப்பிலேயே அதில் ஊசி குத்தியவள் கலைச்செல்வி, வகுப்பில் கலா. பாறைக்காடு தோட்டம், கீழ்ப்பிரிவு. உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும் நேரம் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்தில் உதவியாளாக இருந்தாள். நான் பூமிப்பந்து ஒன்றை போர்டில் வரைந்து, கம்ப்யூட்டர்களைக் கோடு போட்டு இணைத்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கினாள்.

"சேர், இன்டர்நெட்டுக்குத் தொர யாரு?"

வகுப்பே சிரித்தது. தோட்டத்து மேனேஜரைத்தான் துரை என்பார்கள், தெரியும்தானே.

"அப்பிடித் தொரன்னு ஒருத்தரும் இல்ல."

"தொர இல்லாம எப்பிடி சேர் வேல ஓடும்? யாரு பேர் போடுறது, யாரு வெரட்டுறது?"

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "தொர இல்லாட்டி என்னா புள்ள, கங்காணி இருப்பாரு" என்றான். இன்னொரு சிரிப்பு.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அமெரிக்காக்காரன்தான் தொர. எழுதிக்கங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். கலா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பொலிஸ் வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். படிக்கவோ மெயில் பார்க்கவோ சென்டருக்குள் வருகிற எல்லாருடைய பெயர், அடையாள அட்டை நம்பர், விலாசம், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதவேண்டும் என்பது உத்தரவு. இன்ஸ்பெக்டர் ஒருவரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் கையில் ஒரு காகிதம். அதை மடித்து, மேலே நாலு வரி மட்டும் தெரியும்படி என் மேசையில் வைத்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"பாறைக்காட்டுத் தொரைக்கு மிரட்டல் மெயில் போயிருக்கு. தோட்டக் கம்பனியோட கொழும்பு ஹெட் ஒபிசுக்கே அனுப்பியிருக்கான். இந்த நம்பர் உங்க சென்டரா பாரு, மல்லி."

மல்லி என்றால் தம்பி. ஒரு இன்ஸ்பெக்டர் என்னைத் தம்பி என்கிறார், என் படிப்புக்கு வேலை வந்திருக்கிறது என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உங்கள் நம்பர் என்ன என்று காட்டுகிற வெப்சைட் ஒன்று உண்டு. என் மெஷினில் அதைத் திறந்தேன். காகிதத்தில் இருந்த அதே நம்பர்.

"ஆமா சேர், எங்க நம்பர்தான்!" பரிசு விழுந்தவன் மாதிரிச் சொன்னேன்.

"எட்டு மெஷின் இருக்கே, எட்டுக்கும் ஒரே நம்பரா?"

யோசித்துப் பாருங்கள். அந்த மனுஷன் சரியான கேள்வியைத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் படிக்காத ஆளின் கேள்வி, ஆனால் சரியான கேள்வி. நான் என்ன செய்தேன்? அலமாரியைத் திறந்து பாடக்குறிப்பை எடுத்து, சிங்கள நாலாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இல்ல சேர், ஒரு நம்பர்னா ஒரு மெஷின்தான். உலகம் பூரா அப்பிடித்தான்."

"அப்போ ஒரே ஒரு ஆள்."

"ஒரே ஒரு ஆள்தான் சேர்."

அதை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு வருகைப் புத்தகத்தைக் கேட்டார். மெயில் போன அந்த அரை மணி நேரத்தில் ஏழு பெயர். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. நாலாவது பெயரில் நின்றது. அந்த ஏழில் அது ஒன்றுதான் தோட்டத்து விலாசம்.

"மே கவுத?" இது யார் என்று கேட்டார்.

"பாறைக்காட்டுப் பிள்ள சேர். நல்லாப் படிக்கிற பிள்ள."

"இங்கிலீஷ் வருமா?"

"ஓரளவுக்கு எழுதுவா சேர்."

"ஹரி," என்றார். சரி என்று அர்த்தம். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் அன்றைக்கு அப்பாவிடம் போய், பொலிஸ் என்னிடம் டெக்னிக்கல் விளக்கம் கேட்டதாகப் பெருமையடித்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் கலாவின் அம்மா சென்டர் வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து நேரே வந்திருக்கிறார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குகூட அவிழ்க்கவில்லை. செருப்பு இல்லாத காலை உள்ளே வைக்கத் தயங்கி, வாசலிலேயே நின்று பேசினார்.

"தம்பி, வெள்ளன ஜீப்புல வந்து புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஏதோ எழுதிக் குடுத்தீங்களாமே?"

"நான் பேரெல்லாம் எழுதலம்மா. நம்பர் விஷயம் மட்டும்தான்."

"என்னா நம்பரு?"

"கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர் இருக்கும்மா..."

"எங்களுக்குந்தான் பேர் போடுற செக்ரோல்ல நம்பர் இருக்கு. நம்பர வச்சா ஆளத் தூக்குறது?" பிறகு குரலை இறக்கினார். "திங்கக்கெழம காலையில ரத்னபுரியில இன்டர்வியூ, தம்பி. டீச்சர் வேலைக்கு. போன வருசம் கெடச்சதும் கை நழுவிப் போச்சு. இத விட்டா வயசு தாண்டிரும். அந்த ஒரு நாளைக்காவது விடச் சொல்லுங்க. அப்பறம் வேணுன்னா நானே கூட்டிக்கிட்டு வந்து விட்டுர்றேன்."

தன் மகளைத் தானே பொலிஸில் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஒரு தாய் சொல்கிறாள். அந்தக் காலத்தில் உள்ளே போன தமிழ் ஆள் எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாளும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். என் கையெழுத்து எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. திங்கட்கிழமைக்குள் ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, நமக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் கம்பனியின் உதவி நம்பருக்கு அடித்தேன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல். அந்த லைனில் பெயர் சொல்வதில்லை, அதனால் எனக்கு உண்மையாகப் படிப்புச் சொல்லித்தந்தவளின் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விஷயத்தைச் சொன்னேன். எந்த மெஷினிலிருந்து போனது என்று கண்டுபிடித்துத் தரமுடியுமா என்றேன்.

"அந்த நம்பர் உங்க சென்டர்ன்னு எப்பிடித் தெரியும்?"

"என் மெஷின்ல பார்த்தேன். அதே நம்பர்."

"ஒரு நம்பருக்கு ஒரு மெஷின்தான்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அப்போ அந்த மெயில நீங்கதானே அனுப்பியிருக்கணும்?"

உண்மைதானே! நாலாம் பக்கத்தின்படி குற்றவாளி நான். என் மெஷினில்தான் அந்த நம்பர் தெரிந்தது. அது என் மண்டையிலும் ஏறவில்லை, இன்ஸ்பெக்டர் மண்டையிலும் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பேரும் ஏற்கெனவே வேறு ஒரு பெயரைப் பார்த்துவிட்டோம்.

"மத்த மெஷின்லயும் போய்ப் பாருங்க சேர், நான் லைன்ல நிக்கிறேன்" என்றாள். ஓடினேன். இரண்டாவது மெஷினில் அதே நம்பர். மூன்றாவதில் அதே. எட்டிலும் அதே.

"உங்க சுவர்ல ஒரு சின்னப் பெட்டி இருக்கே, லைட் மினுங்குமே, நம்பர் அதுக்குத்தான். உள்ள இருக்கிற எட்டும் அந்தப் பெட்டி வழியாத்தான் வெளிய போகுது. வெளிய நிக்கிறவனுக்குப் பெட்டிதான் தெரியும். உள்ள யார்னு எங்களுக்கே தெரியாது. பொலிஸ் எதுவும் கேக்கணும்னா முறையா எங்களுக்குல்ல எழுதணும்? நீங்க ஏன் சேர் கையெழுத்து வச்சீங்க?"

நன்றி சொல்லக்கூட இல்லை. போனை வைத்துவிட்டேன். கோபம் முதலில் அவள்மீது வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு தலைமையகத்தின்மீது. கடைசியில்தான் வரவேண்டிய இடத்துக்கு வந்தது.

அன்று பின்னேரம் முழுக்க வகுப்பை ரத்துப் பண்ணிவிட்டு உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு மாதம் பாடம் நடத்தியவன் அன்றைக்குத்தான் பாடம் படித்தான். உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

இந்த இன்டர்நெட் அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும், பாதுகாப்புத் துறையின் பணத்தில், தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைத்ததில் தொடங்கியது. ஆட்கள் கொஞ்சம். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக உடைத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து, எங்கே என்று எழுத இடம் வைத்தார்கள். யார் என்று எழுத இடமே வைக்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இதுதான் முக்கியம்: இல்லாத ஒரு இடத்தில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தவன் நான்.

நம்பர்கள் நாலு பில்லியன் சொச்சம். தொடங்கியவர்களுக்கு அது ஏழு தலைமுறைக்குப் போதும் என்று தோன்றியிருக்கும். போதவில்லை. அதனால்தான் ஒரு நம்பரை ஒரு பெட்டிக்குக் கொடுத்து, அதற்குப் பின்னால் எட்டு மெஷினையும் எண்பது மெஷினையும் ஒளித்துவைக்கிற வேலை வந்தது. உலகத்துக்கு ஒரு பொதுக் களஞ்சியம், அதிலிருந்து ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு அலுவலகம். நம்முடைய பக்கத்துக்கு உள்ளது அவுஸ்திரேலியாவில். அங்கிருந்து கொழும்புக் கம்பனிக்கு ஒரு கட்டு. கம்பனி அதில் ஒன்றை நமக்கு. எந்தக் கட்டு யாருக்கு என்ற பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தேன். நம்முடைய நம்பருக்கு நேரே கம்பனியின் பெயரும் கொழும்பு விலாசமும் இருந்தன. அத்தோடு சரி. கலைச்செல்வி என்று எங்கேயும் இல்லை.

துரை கேள்விக்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. பெயர்களையும் நம்பர்களையும் கவனித்துக்கொள்ளும் அமைப்புகள் உண்டு. பெயர் விஷயத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் கை கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் பொட்டலம் எப்படிப் போகவேண்டும் என்ற விதிகளை எழுதுகிறவர்கள் கூட்டம் கூடி, மெயிலில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டி, பெரும்பாலும் ஒத்துப்போனதும் எழுதிவைக்கிறார்கள். பிடித்தவர்கள் பின்பற்றுகிறார்கள். பின்பற்றாதவனோடு பேச்சு ஓடாது, அவ்வளவுதான். துரை இல்லாமலே வேலை ஓடுகிறது. இதை அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்!

சனிக்கிழமை காலையிலேயே பொலிஸுக்குப் போனேன். கலா உள்ளே ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள். கலாவின் கையில் ஒரு காகிதம். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டரிடம் நான் எழுதிக் கொடுத்தது பிழை என்றேன்.

"வியாழக்கெழம கையெழுத்து வச்சது நீயா, வேற யாருமா?"

"நான்தான் சேர்."

"அப்போ பொய் சொன்னியா?"

"பொய் இல்ல சேர். தெரியாமச் சொன்னேன்."

"தெரியாதத எப்பிடி ஐசே எழுதிக் குடுத்த?"

மூன்று நாளில் இரண்டாவது தடவையாக அந்த மனுஷன் சரியான கேள்வி கேட்டார். தலைமையகத்திலிருந்து கடிதம் கொண்டு வா, திங்கட்கிழமைக்குப் பிறகு பார்ப்போம் என்று எழுப்பிவிட்டார். திங்கட்கிழமை அவளுக்கு இன்டர்வியூ என்றேன். "ஜெயிலுக்குப் போனா டீச்சர் வேல எதுக்கு?" என்றார்.

தலைமையகத்துப் பெரியவருக்குப் போன் போட்டேன். அவருக்குத் தமிழும் வரும். "தம்பி, இது செக்யூரிட்டி விஷயம். நீங்க எழுதிக் குடுத்தாச்சு, அப்பிடியே இருக்கட்டும். மாத்தி எழுதினா உங்களையும் இழுப்பாங்க, சென்டரையும் மூடுவாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"நாலாம் பக்கம் உங்களது சேர்."

"அது சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கிறதுக்கு எழுதினது. அத யாரு பொலிஸுல காட்டச் சொன்னது?"

கேட்டுக்கொள்ளுங்கள். பிழை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது போதும் என்ற நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான் இருந்தது என்பதை இன்றைக்கு ஒளிக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடிதம் இல்லாமலே போனேன். கையில் வருகைப் புத்தகம் மட்டும். கலாவின் அம்மா பொலிஸ் வாசலில் மரத்தடியில் நின்றார். நான் உள்ளே போகும்போது கும்பிட்டார். அது அடியைவிட மோசம்.

இன்ஸ்பெக்டருக்குப் பெட்டி, பொட்டலம் என்றெல்லாம் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்திவிட்டு வேறு வழியாகப் போனேன்.

"சேர், பாறைக்காட்டுக் கீழ்ப்பிரிவுல எத்தன லயம்?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு?"

"அத்தன லயத்து வரிச வீட்டுக்கும் ஒரே விலாசம்தான் சேர். வீட்டுக்கு வீடு நம்பர் கெடையாது, ரோட்டுப் பேர் கெடையாது. பாறைக்காடு தோட்டம், கீழ்ப்பிரிவு. கடுதாசியெல்லாம் தோட்டத்து ஒபிசு, கந்தோருக்கு வரும், கிளாக்கர்தான் பிரிச்சுக் குடுக்கணும். அந்த விலாசம் போட்டு ஒரு மொட்டக் கடுதாசி உங்களுக்கு வந்தா, யார் எழுதினதுன்னு விலாசத்த வச்சுச் சொல்லுவீங்களா?"

கண்ணைத் திறந்தார். மனுஷன் மடையன் இல்லை.

"அப்போ இந்த நம்பர் லயத்து விலாசம் மாதிரி."

"அதேதான் சேர்."

"அப்போ ஏழு பேர்ல யாராவும் இருக்கலாம்."

"ஏழு பேர்ல யாராவும் இருக்கலாம்."

புத்தகத்தை இழுத்துப் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். பேங்கில் வேலை செய்கிற ஒருவர். ஒரு மாணிக்கக்கல் முதலாளியின் மகள், இத்தாலியில் இருக்கிற அண்ணனோடு பேச வந்தவள். மூன்றாவது பெயரில் குரல் இறங்கிவிட்டது. டவுன் சிங்களப் பாடசாலையின் அதிபர். இன்ஸ்பெக்டரின் மகன் படிப்பது அங்கேதான். மிச்சப் பெயர்களை அவர் வாசிக்கவில்லை.

"அதிபர விடு. முதலாளி வீட்டையும் விடு. மத்தவங்கள்ல ஒருத்தர்னு எழுது."

"நம்பருக்கு அதிபர்னு தெரியாது சேர்."

"நான் சொல்றேன், எழுது."

பயந்துகொண்டுதான் பேசினேன், வீரம் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னபடி எழுதினால் கலா அன்றைக்கு வெளியே வரமாட்டாள். எழுதாவிட்டால் நான் உள்ளே போகலாம். ஏற்கெனவே ஒரு தடவை அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் பலன் பத்தடி தள்ளி வாங்கில் உட்கார்ந்திருந்தது.

"முடியாது சேர். எழுதினா ஏழையும் எழுதணும்."

"அந்த நேரம் நீ எங்க இருந்த?"

"சென்டர்ல."

"மெஷின்லயா?"

"மெஷின்லதான் சேர்."

"அப்போ எட்டு."

"எட்டுத்தான் சேர்." காகிதத்தை எடுத்தேன். ஏழு பெயரையும் வரிசையாக எழுதினேன், அதிபரின் பட்டத்தோடு. எட்டாவதாக என் முழுப் பெயர், அடையாள அட்டை நம்பர். இந்த எட்டுப் பேரில் யார் என்று அந்த நம்பரால் சொல்ல முடியாது என்று கீழே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அவர் அதை மேலிருந்து கீழே வாசித்தார். அதிபரை விசாரணைக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும், முதலாளி யாருக்கெல்லாம் போன் போடுவார் என்று கணக்குப் பார்த்திருப்பார். பிறகு காகிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"கூட்டிக்கிட்டுப் போ. கூப்பிட்டா வரணும்."

பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கவனியுங்கள்: அவள் குற்றமற்றவள் என்று யாரும் அவளை விடவில்லை. அந்தப் பட்டியலில் கூப்பிட முடியாத ஆட்கள் இருந்தார்கள், அதனால் விட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில் சென்டரில் தோட்டத்து ஆட்கள் மட்டும் இருந்திருந்தால், என் புதுக் காகிதத்தால் ஏழு பேரும் உள்ளே போயிருப்பார்கள். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்னேர பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழுதார். கலா எனக்கு முன்னால் இருந்தாள். வியாழக்கிழமை வரை இருந்த முகம் இல்லை. கொடகவெலப் பக்கம் போகிற சனத்தின் நெருக்கம். கொஞ்சத் தூரம் போனதும் நான் முன்னால் குனிந்து, கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"கலா, கோவிச்சுக்காத. நீயா எழுதின?"

அவள் திரும்பவில்லை.

"மூணு நாளா அவங்களும் இதத்தான் கேட்டாங்க, சேர்."

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது.

"அந்த மெயில நீங்க வாசிச்சீங்களா?"

"இல்ல. மேல நாலு வரி மட்டும்தான் காட்டினாங்க."

"மிச்சத்த விரிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கலயா?"

"கேக்கல."

"எங்கிட்டக் குடுத்து வாசி வாசின்னு வாசிக்க வச்சாங்க. மனப்பாடம் ஆகிருச்சு. தமிழ்லயே சொல்றேன், கேளுங்க." பாடம் ஒப்பிக்கிற குரலில், முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'கந்தோருக்கு வர்ற எங்க கடுதாசிங்கள ரெண்டு வாரம் மூணு வாரம் மேசையிலயே போட்டு வைக்கிறாங்க. போன வருசம் கீழ்ப்பிரிவுக்கு வந்த ஒரு இன்டர்வியூ கடுதாசி, இன்டர்வியூ முடிஞ்சு ஒம்பது நாளைக்கு அப்பறந்தான் லயத்துக்கு வந்திச்சு. தயவுசெஞ்சு இத நிப்பாட்டுங்க. இனியும் நடந்தா இதவிட மேலிடத்துக்கு எழுதுவோம்.' அவ்வளவுதான் சேர். கீழ நன்றின்னு வேற போட்டிருக்கு."

பிறகுதான் திரும்பினாள்.

"இதுல மெரட்டல் எங்க இருக்கு? நீங்க படிச்சவங்கதானே, சொல்லுங்க."

நம்பரைப் பற்றி மூன்று நாள் தலைகீழாக நின்று படித்தவன் நான். அந்தக் காகிதத்தின் மடிப்பை விரிக்க எனக்குத் தோன்றவே இல்லை. கொழும்பில் வாசித்தார்கள், துரை வாசித்தார், இன்ஸ்பெக்டர் வாசித்தார். எல்லாரும் யார் எழுதியது என்று கேட்டார்கள். எழுதியிருப்பது உண்மையா என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அவளா எழுதினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உங்களிடம் யாராவது ஒரு நம்பரை நீட்டினால், முதலில் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு அந்த ஒரு சொல் வாயில் வர ஒரு பிள்ளையின் மூன்று நாள் செலவானது.

மறுநாள் காலை அவள் இரத்தினபுரிக்குப் போய் இன்டர்வியூவில் உட்கார்ந்தாள். வேலையும் கிடைத்தது. நியமனக் கடிதம் தோட்டத்துக் கந்தோரிலிருந்து கீழ்ப்பிரிவு லயத்துக்கு, அரை மைல் தூரம், வந்து சேர இருபத்தொரு நாள் ஆனது.